கோணல் கூடத்திலா, காலிலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. தோற்ற ஆட்டக்காரன் கையிலிருந்த கருவியைக் குறை சொன்னால் உடனே இதைத்தான் சொல்கிறோம். பல நேரம் அது சரியும்கூட. ஆனால் நேற்றுவரை குறையில்லாமல் ஆடியவளை இன்று வேறொரு கூடத்தில் ஏற்றிவிட்டு, கால் இடறியதும் அதே பழமொழியைச் சொல்வது நியாயமில்லை. தொழில்முறை கோல்ஃபில் இப்படி ஓர் இடம் மாற்றம் அடிக்கடி நடக்கிறது. உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவர், தன்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த மட்டைகளை விட்டுவிட்டு, பெரிய ஒப்பந்தத்துக்காக வேறு நிறுவனத்தின் மட்டைகளுக்கு மாறுகிறார். அடுத்த சில மாதங்களில் அவர் தடுமாறினால் பாதிப்பேர் மட்டையைத் திட்டுகிறார்கள், மீதிப்பேர் ஆளைத் திட்டுகிறார்கள். இரண்டு தரப்புமே முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறது என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

அருமனையில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃபைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நமக்கு அருகில் உள்ள கோல்ஃப் மைதானம் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கிறது. நம் விளவங்கோடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் அரண்மனைச் சார்பில் உருவான ஒன்பது குழி மைதானம் அது. நம்மில் பெரும்பாலோர் அதன் மதில் சுவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் இந்தக் கேள்வி கோல்ஃபுக்கு மட்டும் உரியதல்ல. பள்ளி மாணவன் கையிலிருக்கும் டேபிள் டென்னிஸ் மட்டைக்கும், மாவட்ட அணிக்கு ஆடும் பெண்ணின் பேட்மிண்டன் ராக்கெட்டுக்கும் இது பொருந்தும். கோல்ஃபில் இது கண்ணாடி போலத் தெரிகிறது, அவ்வளவுதான். எதிராளி நம் பந்தைத் தொடுவதில்லை, ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, அசையாமல் கிடக்கும் பந்தை ஒரு கருவியால் அடிக்க வேண்டும். தவறு நடந்தால் அதற்குக் காரணம் கையாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், கருவியாக இருக்கலாம். வேறு யாரையும் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் ரோரி மெக்கில்ராய் உடையது. வட அயர்லாந்துக்காரர். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் கியாவா தீவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார், அந்த ஆண்டை உலகின் முதலிடத்தில் முடித்தார். அப்போது அவர் கையில் இருந்தவை டைட்டிலிஸ்ட் மட்டைகளும் பந்தும். 2013 ஜனவரியில் அபுதாபியில் நைக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கு, பல கோடி டாலர்களுக்கு. டிரைவர், ஐயன்கள், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர், பந்து என்று ஒரே வாரத்தில் எல்லாமே மாறின. ஆண்டுக்கு நான்கே நடக்கும் மேஜர் என்ற பெரும் போட்டிகளை ஆறு முறை வென்ற நிக் ஃபால்டோ இது ஆபத்தான மாற்றம் என்று அப்போதே எச்சரித்தார். அதே வாரம் அபுதாபி போட்டியில் மெக்கில்ராய் இரண்டு நாளும் 75 அடிகள் எடுத்து, மீதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாமல் வெளியேறினார். முதல் நாள் புதிய பட்டரோடு ஆடியவர், இரண்டாம் நாளே பழைய பட்டரைப் பையிலிருந்து எடுத்தார். மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஹோண்டா கிளாசிக்கில் நடப்புச் சாம்பியனாக இறங்கியவர் பாதி ஆட்டத்தில் களத்தை விட்டே நடந்துபோனார். அந்த ஆண்டு முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி டிசம்பரில் வந்த ஆஸ்திரேலியன் ஓப்பன்.

நான் அதிகம் யோசிப்பது அந்த இரண்டாம் நாளைப் பற்றித்தான். ஒரு நாள் மோசமாக ஆடியதும் பட்டரை மாற்றும் ஆட்டக்காரருக்கு, நேற்றைய தவறு எங்கே நடந்தது என்று தெரியவில்லை என்று பொருள். ஆறு மாதங்களுக்கு முன் இதே ஆள் குழிக்குள் உருட்டும் ஓர் அடியைத் தவறவிட்டிருந்தால் அதன் காரணத்தை அங்கேயே சொல்லியிருப்பார்: தோள் திரும்பிவிட்டது, சரிவைத் தவறாகக் கணித்துவிட்டேன், அவசரப்பட்டேன். அடுத்த குழியில் திருத்திக்கொண்டிருப்பார். தொழில்முறை ஆட்டக்காரரின் தன்னம்பிக்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். தவறே செய்ய மாட்டேன் என்ற நம்பிக்கை யாருக்கும் கிடையாது. உலகின் முதலிடத்தில் இருப்பவரும் ஒரு சுற்றில் பல மோசமான அடிகளை அடிக்கிறார். தவறு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும், அதனால் திருத்த முடியும் என்ற தெளிவுதான் அவரைத் தாங்குகிறது. புதிய கருவி கைக்கு வந்ததும் அந்தத் தெளிவு போய்விடுகிறது. சந்தேகத்துக்கு இடமானவர்கள் இரண்டு பேராகிவிடுகிறார்கள், கையும் கருவியும். இருவரில் யார் என்று தீர்ப்புச் சொல்ல ஒவ்வொரு அடியிலும் நேரம் போகிறது. அப்படிச் சொல்லும் தீர்ப்பு தவறாகவும் போகிறது.

இது ஏன் இத்தனை கடினம் என்று புரிய, மட்டை பந்தைத் தொடும் கணத்தைப் பார்க்க வேண்டும். கோல்ஃபில் மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அதிர்வு தண்டின் வழியே ஏறிக் கைக்கு வந்து, மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே பந்து பறந்துவிட்டது. எனவே அடிக்கும்போது திருத்த வழியே இல்லை. கைக்குக் கிடைக்கும் உணர்வு அடுத்த அடிக்கான பாடம் மட்டுமே. அந்த உணர்வையும், மட்டையின் நடுவில் பட்டால் எழும் ஓசையையும், நுனியில் பட்டால் வரும் நடுக்கத்தையும் ஆயிரக்கணக்கான அடிகள் வழியாக ஆட்டக்காரர் ஒரு மொழி போலக் கற்றிருக்கிறார். புதிய மட்டையில் தண்டின் வளைவு மாறும், தலையின் எடை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஓசை மாறும். நல்ல அடியும் அந்நியமாகக் கேட்கும். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பட்டையின் உள்ளே மரத்தின் உயிரான படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே கத்தி நிற்க வேண்டும். கூடுதல் ஆழம் போனால் மரம் புண்படும், குறைந்தால் பால் வராது. அதிகாலை இருட்டில் அதை அளப்பது அவருடைய கண்ணல்ல, பழகிய கத்தி கைக்குத் தரும் எதிர்ப்பு. அவர் கையில் கூர்மையான, விலையுயர்ந்த, வேறு வளைவுள்ள கத்தியைக் கொடுத்தால் முதல் சில நாள் காயம் கத்தியாலா கையாலா என்று அவரே திணறுவார்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இவற்றில் ஒன்று மிக வலுவானது. பெரிய ஒப்பந்தம் ஆட்டக்காரருக்கு எப்போது கிடைக்கிறது? அவர் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு, மட்டை மாறினாலும் மாறாவிட்டாலும். கையெழுத்திட்டதும் வந்த சரிவை மட்டையின் தலையில் கட்டுவது, மழை பெய்த மறுநாள் சளி பிடித்தால் மழைதான் காரணம் என்பதைப் போன்றதல்லவா? மெக்கில்ராய் விஷயத்திலும் 2013ல் வேறு பல பிரச்சினைகள் இருந்தன. தன் மேலாண்மை நிறுவனத்தோடு வழக்கு, முதலிடத்தின் சுமை, உடல்நிலை. மேலும், அதே நைக்கி மட்டைகளோடு 2014ல் அவர் பிரிட்டிஷ் ஓப்பன், பிரிட்ஜ்ஸ்டோன், பிஜிஏ என்று ஒரே கோடையில் அடுத்தடுத்து மூன்று பெரிய பட்டங்களை வென்றார். மட்டை மோசமாக இருந்தால் இது எப்படி நடந்தது?

இந்த வாதத்தின் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். சரிவின் ஒரு பகுதி இயல்பான இறக்கமே. அதனால்தான் மட்டைதான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இரண்டாம் பாதி என் வாதத்தையே பலப்படுத்துகிறது. 2014ல் அவர் வென்றது மட்டைகள் மாறிப்போனதால் அல்ல, ஓராண்டுக்குப் பின் அந்த மட்டைகளின் மொழி அவருக்குப் பழகிவிட்டதால். சந்தேகத்துக்குரியவர் மறுபடியும் ஒருவராகிவிட்டார். மட்டையில் குறை இருந்திருந்தால் அது இரண்டாம் ஆண்டிலும் இருந்திருக்கும். ஆளிடம் மட்டும் குறை இருந்திருந்தால், ஒரே இரவில் பட்டரை மாற்றியிருக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவே இருந்த குழப்பம்தான் ஓராண்டைத் தின்றது. முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்வில் ஓராண்டு என்பது நான்கு மேஜர்கள்.

ஜஸ்டின் ரோஸ் கதை என் வாதத்துக்கு இவ்வளவு எளிதாக அடங்காது, அதனால்தான் அதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயரான ரோஸ் 2018ல் ஃபெட்எக்ஸ் கோப்பையை வென்றார், உலக முதலிடத்துக்கு வந்தார். 2019 ஜனவரியில் ஜப்பானின் ஹோன்மா நிறுவனத்துக்கு மாறினார். மாறிய மாதத்திலேயே டோரி பைன்ஸில் ஃபார்மர்ஸ் போட்டியை வென்றுவிட்டார். மாற்றம் தீமை என்பவர்கள் அப்போது வாயடைத்துப்போனார்கள். ஆனால் நாளடைவில் ஆட்டம் சரிந்தது. 2020 மார்ச்சில் பே ஹில்லில் ஹோன்மா மட்டை ஒன்றுகூட இல்லாமல் களமிறங்கினார், மே மாதம் இருவரும் பிரிந்தார்கள். பழைய வழிக்குத் திரும்பியதும் வெற்றி வந்ததா? இல்லை. அமெரிக்கச் சுற்றான பிஜிஏ டூரில் அவருடைய அடுத்த வெற்றி 2023 பிப்ரவரியில், பெபிள் பீச்சில். அப்போது அவருக்கு வயது 42. இங்கே வயதின் பங்கும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. புதியது கைக்கு வந்தவுடன் இருக்கும் உற்சாகம் ஓரிரு போட்டிகளைத் தாங்கும். அது வடிந்தபின் வரும் முதல் சறுக்கலில்தான் சந்தேகம் நுழைகிறது. நுழைந்த சந்தேகம், பழைய மட்டை திரும்பக் கைக்கு வந்ததும் விலகிவிடுவதில்லை. ஏனென்றால் பழைய மட்டையையும் இப்போது அவர் வேறொன்றோடு ஒப்பிட்டே பிடிக்கிறார்.

இரண்டாவது எதிர்வாதம் அறிவியல் பெயரில் வருவது. இன்று ரேடார் கருவிகள் பந்தின் வேகம், சுழற்சி, கிளம்பும் கோணம் எல்லாவற்றையும் அளந்து தருகின்றன. எந்த மட்டை சிறந்தது என்று எண்கள் சொல்லும்போது உணர்வைப் பற்றிப் பேசுவது பழமைவாதம் என்கிறார்கள். எண்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவை எங்கே எடுக்கப்பட்டவை என்று கேட்க வேண்டும். பயிற்சித் திடலில், தோற்க எதுவும் இல்லாத காலை நேரத்தில், நூறு பந்துகளின் சராசரி அது. போட்டியின் கடைசிக் குழியில், இடப்பக்கம் தண்ணீர், எதிர்க்காற்று, ஒரே ஒரு பந்து. அங்கே ஆட்டக்காரருக்குத் தேவைப்படுவது தன் சிறந்த அடி எவ்வளவு தூரம் போகும் என்பதல்ல, தன் மோசமான அடி எந்தப் பக்கம் போகும் என்ற உறுதி. பழைய மட்டையில் தவறு எப்போதும் வலப்பக்கம் போகும் என்று தெரிந்தால் இடப்பக்கம் குறிவைத்துத் தைரியமாக அடிக்கலாம். புதிய மட்டையில் தவறு எந்தப் பக்கமும் போகலாம் என்றால், மைதானத்தின் இரு பக்கமும் எதிரியாகிறது. புரூக்ஸ் கெப்கா இதை அறிந்தவர் என்று தோன்றுகிறது. 2016 ஆகஸ்டில் நைக்கி கோல்ஃப் மட்டைத் தயாரிப்பையே நிறுத்தியபோது அவர் உடனே வேறு நிறுவனத்திடம் ஓடவில்லை. ஒப்பந்தம் இல்லாமலே, தனக்குப் பிடித்ததை மட்டும் பையில் வைத்து ஆடி, 2017 முதல் 2019 வரை நான்கு மேஜர்களை வென்றார். தயாரிப்பு நின்றுபோன அந்த நைக்கியின் 3-ஐயன் அவர் பையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது.

அப்படியானால் மாற்றமே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை, அதற்குச் சாட்சி ஸ்காட்டி ஷெஃப்ளர். 2023ல் பட்டிங், அதாவது பட்டரால் பந்தைக் குழிக்குள் உருட்டுவது, தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து குழி இருக்கும் பச்சைத் தரை வரை உலகின் சிறந்தவர், பச்சைத் தரையில் சாதாரணர். 2024 பிப்ரவரியில் தொலைக்காட்சி வர்ணனையில் மெக்கில்ராயே, ஷெஃப்ளர் அகன்ற தலை கொண்ட மாலட் வகைப் பட்டரை முயன்று பார்க்கலாம் என்று சொன்னார். மார்ச்சில் ஆர்னால்ட் பால்மர் போட்டியில் ஷெஃப்ளர் அப்படியொரு பட்டரோடு வந்து ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார். தொடர்ந்து பிளேயர்ஸ், மாஸ்டர்ஸ் பட்டங்கள், பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், குறை எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். பட்டிங் பயிற்சியாளர் ஒருவரோடு சில மாதங்களாக உழைத்துக்கொண்டிருந்தார். பதினான்கு மட்டைகளில் ஒன்றை மட்டும் மாற்றினார், பதின்மூன்றைத் தொடவில்லை. மாற்றத்தின் விளைவு என்ன என்று குழப்பமில்லாமல் பார்க்க முடிந்தது. மெக்கில்ராய் 2013ல் செய்தது இதற்கு நேர்மாறு. ஒன்றும் கெட்டுப்போகாதபோது எல்லாவற்றையும் மாற்றினார்.

என் வாதத்துக்கு இன்னும் நல்ல பரிசோதனைக் களம் ஒன்று உண்டு, அதை விதியே அமைத்துக் கொடுத்தது. நீளமான பட்டரை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி அடிப்பது 2016 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. இங்கே பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, உச்சத்தில் கையெழுத்திட்டார்கள் என்ற வாதத்துக்கும் இடமில்லை. எல்லோருக்கும் ஒரே நாள். ஆனால் விளைவு ஆளுக்கு ஆள் வேறு. நெஞ்சில் ஊன்றி 2013 மாஸ்டர்ஸை வென்ற ஆடம் ஸ்காட், தடை வந்த இரண்டே மாதங்களில், சாதாரணக் குட்டைப் பட்டரோடு அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஹோண்டா கிளாசிக், காடிலாக் இரண்டையும் வென்றார். வயிற்றில் ஊன்றி 2012 அமெரிக்க ஓப்பனை வென்ற வெப் சிம்ப்சனோ, தடைக்கு முன்பே தானாக மாறிக்கொண்டும், 2015, 2016 ஆண்டுகளில் பட்டிங்கில் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனார். கீகன் பிராட்லி 2011ல் வயிற்றுப் பட்டரோடு மேஜர் வென்ற முதல் ஆள். 2012 ஆகஸ்டுக்குப் பின் 2018 செப்டம்பர் வரை அவருக்கு அமெரிக்கச் சுற்றில் வெற்றியே இல்லை. தடை வரப்போகிறது என்ற பேச்சு 2012 நவம்பரிலேயே அதிகாரபூர்வமாகக் கிளம்பிவிட்டதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்காட்டுக்கும் சிம்ப்சனுக்கும் என்ன வித்தியாசம்? ஸ்காட் நீளப் பட்டருக்கு வந்தது 2011ல். அதற்கு முன் பத்தாண்டு குட்டைப் பட்டரோடு ஆடி, 2004ல் பிளேயர்ஸ் வென்றவர். அவருக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது. சிம்ப்சனோ கல்லூரிக் காலம் முதலே வயிற்றில் ஊன்றி அடித்தவர். குட்டைப் பட்டரில் தவறு நடந்தால் அதை எதோடு ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. 2017ல் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் டிம் கிளார்க் ஒரு யோசனை சொன்னார். பட்டரின் தண்டை இடது முன்னங்கையில் சேர்த்து அணைத்தபடியே, வலது கையால் நகம் போலப் பற்றிப் பிடி என்றார். விதி அதை அனுமதிக்கிறது. மணிக்கட்டு அசைய முடியாத நிலை வந்ததும் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று ஒழிந்தது. 2018ல் சிம்ப்சன் பிளேயர்ஸ் வென்றார், பட்டிங் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார். எனக்கு இந்தக் கதைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அவருடைய மனத்தைத் தேற்றி யாரும் மீட்கவில்லை. தவறு வரக்கூடிய வழிகளை ஒருவர் குறைத்துக் கொடுத்தார், நம்பிக்கை பின்னாலேயே வந்தது.

இனி நம் பக்கத்துச் சான்று. தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களில் கருவி மாற்றத்தின் அடியை அதிகம் தாங்கியவர் யார் என்றால் நான் சரத் கமலைச் சொல்வேன். சென்னைக்காரர், 1982ல் பிறந்தவர். அவர் சிறுவனாகக் கற்ற டேபிள் டென்னிஸும் பெரியவராக ஆடிய டேபிள் டென்னிஸும் ஒன்றல்ல. 2000ல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40க்குப் போனது. அடுத்த ஆண்டு 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. 2008 செப்டம்பரில் வேகப்பசை தடை செய்யப்பட்டது. ஆட்டத்துக்கு முன் ரப்பர் தகட்டில் ஆவியாகும் பசையைத் தடவினால் உள்ளிருக்கும் பஞ்சு இழுபட்டு, பந்து துள்ளித் தெறிக்கும். தனி ஓசையும் எழும். ஆவி உடலுக்குக் கேடு என்று அதை நிறுத்தினார்கள். 2014 ஜூலையில் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. சரத்தைப் போல மேசையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று பலமாகச் சுழற்றி அடிப்பவர்களுக்கு இவை எதுவும் சாதகமல்ல. ஆனாலும் 2006ல் மெல்போர்னில் காமன்வெல்த் தனிநபர் தங்கம் வென்றவர், 2022ல் பர்மிங்காமில் 40 வயதில் மறுபடியும் அதே தங்கத்தை வென்றார். தேசியப் பட்டம் பத்து முறை. ஐந்து ஒலிம்பிக். 2025 மார்ச்சில் சென்னையிலேயே விடைபெற்றார்.

இது என் வாதத்தை உடைக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இத்தனை மாற்றத்துக்குப் பின்னும் நிலைத்தார் என்றால் திறமைதானே பெரிது, கருவி என்ன பொருட்டு? கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில் இரண்டு. ஒன்று, இந்த மாற்றங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் அதே புதிய பந்தோடுதான் திணறுகிறார். ஒரு சுழற்சி அடி முன்போல வளையவில்லை என்றால் எனக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கு இடமே இல்லை. தனியாக மாறுபவருக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. இரண்டு, அவருக்குத் தயாராகக் காலம் கிடைத்தது. தடை எப்போது வரும் என்று முன்பே தெரிந்ததால் நிறுவனங்களும் வேகப்பசையின் குணத்தைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிய ரப்பர்களைக் கொண்டுவந்தன. டேபிள் டென்னிஸ்காரர்கள் ரப்பரை அடிக்கடி மாற்றுவதையும் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் தேய்ந்த தகட்டைக் கழற்றிவிட்டு அதே வகையில் புதியதை ஒட்டுகிறார்கள். அது கருவியை மாற்றுவதல்ல, கருவி மாறிப்போகாமல் காப்பது. இயற்கை ரப்பர் காற்றும் வெளிச்சமும் பட்டால் இறுகிப் பிடிப்பு இழக்கும் என்று நம் ஊரில் ரப்பர் ஷீட் உலர்த்தும் எவருக்கும் தெரியும். உலகின் மேசைகளில் பந்தைப் பற்றிச் சுழற்றும் அந்த மேல்தகடு நம் தோட்டங்களில் சுரக்கும் அதே வகைப் பாலிலிருந்து வருவது. டேபிள் டென்னிஸ் விதியும் இந்தத் தொடர்ச்சியின் மதிப்பை அறிந்திருக்கிறது. தற்செயலாக உடைந்து ஆட முடியாமல் போனாலொழிய, ஓர் ஆட்டத்தின் நடுவில் மட்டையை மாற்றக் கூடாது.

எல்லாம் மனசுதான் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே பட்டரைச் சிலரிடம் கொடுத்து, இது பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்ற பென் கர்ட்டிஸ் பயன்படுத்தியது என்றார்கள், மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கர்ட்டிஸின் பட்டர் என்று நம்பியவர்களுக்குக் குழி பெரிதாகத் தெரிந்தது, பந்தும் கூடுதலாக உள்ளே விழுந்தது. ஆக, நம்பிக்கையூட்டினால் போதும், மட்டை எதுவானாலும் சரி என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அதிர்ஷ்டப் பந்து என்று சொல்லிக் கொடுத்தால் பட்டிங் மேம்படும் என்ற 2010ஆம் ஆண்டு ஜெர்மன் சோதனை, பின்னர் அமெரிக்காவில் திரும்பச் செய்தபோது பலிக்கவில்லை. பலித்தாலும் இவை பெரும்பாலும் அமெச்சூர்களிடம், அழுத்தமில்லாத அறையில் செய்தவை. வாழ்க்கையையே பந்தயம் வைத்து ஆடும் ஒருவரை வெறும் சொல்லால் நம்ப வைப்பது நடக்காது. அந்த நம்பிக்கை பழக்கத்தால்தான் வரும். டென்னிஸில் ரோஜர் ஃபெடரர் 2013 விம்பிள்டன் தோல்விக்குப் பின் 98 சதுர அங்குல ராக்கெட்டை ஹாம்பர்க்கிலும் ஸ்டாட்டிலும் முயன்று, இரண்டிலும் தோற்று, அந்த ஆண்டின் மீதிக்குப் பழைய 90க்கே திரும்பினார். அடுத்த ஆண்டு 97க்கு நிலையாக மாறினார். அதன் முழுப் பலன் 2017 ஆஸ்திரேலிய ஓப்பனில், நடாலுக்கு எதிராக அவருடைய பின்கை அடிகளில் தெரிந்தது. நல்ல மாற்றத்துக்கே மூன்று ஆண்டு பிடித்தது.

கடைசியாக ஓர் எதிர்வாதம், இது நம் நாட்டுக்கே உரியது. மட்டையைத் தேர்ந்தெடுக்கும் வசதியெல்லாம் பணக்காரர் பிரச்சினை, நம் ஆட்டக்காரர்கள் கிடைத்ததை வைத்துத்தான் ஜெயித்தார்கள் என்பார்கள். உண்மைதான். 1991ல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமப்பவராக, இருந்தவர். 2009ல் அதை வென்ற சின்னசாமி முனியப்பாவும் பெங்களூரில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றவர். ஆனால் இவர்கள் வென்றது கருவி பொருட்டல்ல என்பதற்குச் சான்றாகாது. கையில் இருப்பதை மாற்ற வசதியில்லாதவர் அதன் ஒவ்வொரு குறையையும் மனப்பாடமாக அறிவார். அவரிடம் குழப்பம் குறைவு. வறுமையை நான் போற்றவில்லை. நல்ல மட்டை கிடைத்திருந்தால் இன்னும் பலர் வந்திருப்பார்கள். ஆனால் வசதி வந்தபின் நாம் முதலில் தொலைப்பது அந்தப் பழக்கத்தைத்தான் என்பது என் கவலை.

அதனால் நம் மாவட்டத்தில் பிள்ளைகளை ஆட்டத்துக்கு அனுப்பும் பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் என் வேண்டுகோள் இவை. மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் புது மட்டையோ புது ஷூவோ வாங்கிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மாற்ற வேண்டுமென்றால் போட்டிகள் இல்லாத மாதங்களில் மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழையதை ஆறு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். ஏன் மாற்றுகிறோம் என்று பிள்ளையால் ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் மாற்றாதீர்கள். மாற்றியபின் முதல் சில ஆட்டங்களில் தோற்றுவந்தால், மட்டை மேலும் பழி போடாதீர்கள், பிள்ளை மேலும் பழி போடாதீர்கள். எங்கே தவறியது என்று பிள்ளையே சொல்லும்வரை காத்திருங்கள். கருவி கொடுத்து உதவும் நிறுவனங்களும் சங்கங்களும் இதையே செய்யலாம்: ஒப்பந்தத்தில் முழுப் பையையும் கேட்காமல், ஆட்டக்காரருக்குப் பழகிய ஒன்றிரண்டை அவரிடமே விட்டுவிடுங்கள்.